பல் நிற அடைப்பு: நிறம் ஏன் மாறுகிறது, எப்படிக் காப்பது?

முன்பல்லில் வெள்ளை அடைப்பு போட்டுக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அடைப்பு மஞ்சளாகிவிட்டால் பழி முழுவதும் காபி மீதும் சாம்பார் மீதும் விழுகிறது. அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு அடைப்பு பல வருடம் பல்லோடு பல்லாக இருக்குமா, இரண்டே வருடத்தில் தனித்துத் தெரியுமா என்பதில் பெரும்பகுதி, அதைப் போடும் அந்த முக்கால் மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நோயாளிக்கு இது தெரிந்திருந்தால் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்கலாம்.

வெள்ளை அடைப்பு என்பது சிமெண்ட்டா, பிளாஸ்டிக்கா?

முன்பல்லில் இன்று போடப்படுவது பெரும்பாலும் காம்போசிட். இது பிசினும் கண்ணாடித் தூளும் கலந்த பசை. எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சிலிக்கா, பேரியம் கண்ணாடி போன்ற நுண்துகள்கள், மீதி பிசின். இந்தப் பிசின்களில் முக்கியமான பிஸ்-ஜிஎம்ஏ-வுக்கு அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962-ல் காப்புரிமை பெற்றார். இன்றும் பல காம்போசிட்களுக்கு அடிப்படை அதுதான். நீல வெளிச்சம் பட்டதும் பிசின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகின்றன.

நிறத்தைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணாடித் துகள் கறை பிடிக்காது, பிசின்தான் பிடிக்கும். பிசின் எவ்வளவு முழுமையாகக் கெட்டியானது, மேற்பரப்பில் எவ்வளவு பிசின் வெளியே தெரிகிறது என்ற இரண்டையும் வைத்தே மற்ற எல்லாம்.

எத்தனை வருடம் நிறம் மாறாமல் இருக்கும்?

ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. முன்பல் அடைப்புகளை மாற்றுவதற்கான முக்கியக் காரணங்களில் உடைவதும் நிறம் மாறுவதும் முன்னால் நிற்கின்றன. பின்பற்களில் நிறத்துக்காக மாற்றுவது குறைவு.

நிற வித்தியாசத்தைக் கருவியால் அளக்கலாம். டெல்டா ஈ என்ற அளவில் 1.2 வித்தியாசம் வந்தால் பார்ப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும், 2.7-ஐத் தொட்டால் பாதிப்பேர் ‘இது பொருந்தவில்லை’ என்பார்கள். நன்றாகப் போடப்பட்ட அடைப்பு இந்த இரண்டு எண்களுக்கு நடுவே பல வருடம் நகராமல் நிற்கும். மோசமாகப் போட்டது சில மாதங்களிலேயே தாண்டிவிடும்.

என் அடைப்பு நிறம் மாறியிருக்கிறது. எந்த மாதிரி மாற்றம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடங்களில் மாற்றம் வரலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

மேற்பரப்பு முழுவதும் பழுப்பு அல்லது மஞ்சள் பூசினாற்போல் இருந்தால் அது மேல்கறை. நாக்கால் தடவினால் அந்த இடம் பக்கத்துப் பல்லைவிடச் சொரசொரப்பாக இருக்கும். பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போய்விடும்.

பல்லும் அடைப்பும் சேரும் கோட்டில் மட்டும் பழுப்பு வரி ஓடினால் ஓரக்கறை. ஒட்டு விட்டதாலோ, அடைப்புப் பொருள் எல்லை தாண்டி மெல்லிய இதழாகப் படிந்து அதன் அடியில் கறை புகுந்ததாலோ வரும்.

மூன்றாவது, அடைப்பு மொத்தமும் உள்ளிருந்தே மங்கி மஞ்சளடிப்பது. தேய்த்தாலும் போகாது, பாலிஷுக்கும் மசியாது. இது பொருளின் வேதியியல் சார்ந்தது. காம்போசிட்டைக் கெட்டியாக்கத் தூண்டுகோலாகச் சேர்க்கப்படும் கேம்ஃபர்குயினோன் என்பதே மஞ்சள் நிறத் தூள். வெளிச்சம் பட்டதும் அது செலவாகி நிறமிழக்கும். அதனால்தான் லைட் வைத்த பிறகு அடைப்பு ஒரு சாயல் வெளுத்துத் தெரிகிறது. லைட் போதாமல் போனால் செலவாகாத மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அதோடு துணைக்குச் சேர்க்கும் அமீன் சேர்மம் வருடக்கணக்கில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து மஞ்சளாகிறது. இரண்டு பசைகளைக் கலந்து தானாகவே கெட்டியாக விடும் பழைய வகையில் அமீன் கூடுதல். அவை வேகமாக மஞ்சளானதன் காரணம் அது.

நான்காவது ஒன்றும் உண்டு: அடைப்பு மாறாமல் பல் மாறியிருப்பது. வயது ஏற ஏறப் பல் இயல்பாகவே மஞ்சளாகும். பத்து வருடத்துக்கு முன் பொருந்திய அடைப்பு இன்று வெளுப்பாகத் துருத்தினால் குற்றம் அடைப்பில் இல்லை.

மஞ்சள், காபி, டீ, வெற்றிலை: எது அதிகம் கறையாக்கும்?

நம் சாப்பாட்டில் முதலிடம் மஞ்சளுக்கு. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் சாம்பார் சாதம் கொண்டுபோனால் கழுவியதும் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அதையே பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுபோனால் மூலையெல்லாம் மஞ்சள் ஏறி, எத்தனை தேய்த்தாலும் போவதில்லை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. காம்போசிட்டின் பிசினும் அதே இனம். பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள் மாட்டும் வெள்ளை ரப்பர் வளையங்கள் நாலு நாள் குழம்புச் சாப்பாட்டில் மஞ்சளாவதும் இதனால்தான். அந்த டப்பாவை வெயிலில் காயவைத்தால் மஞ்சள் மங்கும், ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் சிதைவது. வாய்க்குள் அந்த வசதி கிடையாது.

டீயின் கறை பெரும்பாலும் மேலே படிவது. ஒழுங்காகப் பல் துலக்கினால் கணிசமாகப் போகும். காபியின் நிறம் மேலேயும் படியும், பிசினுக்குள்ளும் ஊறும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்தால் செம்பழுப்புப் படலம் ஓரங்களில் கட்டியாக ஏறும். புகை பிடிப்பவர்களுக்குத் தார் கறை. இரும்புச்சத்து டானிக் குடிப்பவர்கள் ஸ்ட்ரா போட்டுக் குடித்துவிட்டு உடனே வாய் கொப்பளித்தால் போதும்.

குழம்பையும் காபியையும் விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாய் தண்ணீரை முன்பற்கள் வழியாகச் சலசலவென்று கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு டம்ளர் காபியை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சுவதைவிடப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பது அடைப்புக்கு நல்லது. கறை, நிறப்பொருள் வாயில் தங்கும் நேரத்தைப் பொறுத்தது.

அடைப்பு போட்ட அன்று என்ன தவிர்க்க வேண்டும்?

லைட் அணைந்தவுடன் அடைப்பு கடிக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும், ஆனால் வேதிவினை முடிந்திருக்காது. அந்த நேரத்தில் பிசினின் இணைப்புகளில் தோராயமாகப் பாதியிலிருந்து முக்கால்வாசி வரைதான் பின்னியிருக்கும். அடுத்த 24 மணி நேரம் இருட்டிலேயே வினை இன்னும் கொஞ்சம் தொடரும். புதுப் பிசின் உமிழ்நீரை உறிஞ்சத் தொடங்குவதும் அப்போதுதான். அதனால் முதல் ஒன்றிரண்டு நாள் மஞ்சள் தூக்கலான குழம்பு, கட்டங்காபி, பீட்ரூட், வெற்றிலை, சிகரெட் வேண்டாம். தயிர்சாதம், இட்லி, தேங்காய்ச் சட்னி, பால் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

நாற்காலியில் எதெல்லாம் தவறிப்போனால் பிற்பாடு நிறம் மாறும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது.

முதலில் லைட். காம்போசிட்டை 2 மி.மீ. தடிமன் அடுக்குகளாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் வழக்கமாக 20 விநாடி நீல வெளிச்சம் காட்ட வேண்டும். தடிமனாக வைக்கவென்றே செய்த ‘பல்க் ஃபில்’ வகைக்கு 4 மி.மீ. வரை அனுமதி. வெளிச்சத்தின் அலைநீளம் 450–470 நானோமீட்டர் பக்கம், வலு ஒரு சதுர செ.மீ.க்கு 1000 மில்லிவாட் அளவில் இருந்தால் இந்தக் கணக்கு சரிவரும். நடைமுறையில் நடப்பது வேறு: லைட்டின் நுனியில் பழைய காம்போசிட் துணுக்கு ஒட்டிக் காய்ந்திருக்கும், பேட்டரி தளர்ந்திருக்கும், கண்ணைத் திருப்பிக்கொண்டு பிடிப்பதால் நுனி பல்லை விட்டு நகர்ந்துவிடும். ஆரஞ்சு நிறக் கண்ணாடி அணிந்து, நுனி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே பிடிப்பது அந்தக் கண்ணாடியின் முழுப் பயன். பின்பல் குழியின் அடித்தளம் நுனியிலிருந்து 6–8 மி.மீ. தள்ளி இருக்கும், அத்தனை தூரத்தில் பல லைட்களின் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அடர்ந்த ஷேடுகளுக்கும் (நிறச் சாயல்களுக்கும்) ஒளி ஊடுருவாத ஓபேக் ஷேடுகளுக்கும் கூடுதல் நேரம் தேவை. ரேடியோமீட்டர் வைத்து லைட்டை அவ்வப்போது அளக்கும் கிளினிக்கில் இந்தப் பிழைகள் வெகுவாகக் குறையும்.

இரண்டாவது, பலரும் விட்டுவிடும் ஒன்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் பிசின் பின்னுவதைத் தடுக்கும். அதனால் கடைசி அடுக்கின் மேல் மைக்ரான் கணக்கில் ஒரு பிசுபிசுப்பான படலம் கெட்டியாகாமல் நிற்கும். அதை அப்படியே விட்டால் காபியை ஒற்றுத்தாள் போல உறிஞ்சும். கிளிசரின் ஜெல்லை மேலே தடவிக் காற்றை மறைத்து இன்னொரு 20 விநாடி லைட் காட்டலாம், அல்லது பாலிஷில் அந்தப் படலம் முழுக்கச் சீவப்பட வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை அழுத்திக் கெட்டியாக்கினால் மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்கும். ‘இதற்கு பாலிஷ் எதற்கு’ என்று தோன்றும். அந்த மினுக்கம் முழுக்கப் பிசின். அதை மெல்லச் சீவித் துகள்கள் நிறைந்த அடுக்கைக் கொண்டுவந்தால்தான் கறை குறையும்.

மூன்றாவது பாலிஷ். முரட்டு டிஸ்க், நடுத்தரம், மென்மை, மிக மென்மை என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீரில் கழுவி, ஒரு படியும் தாண்டாமல் போக வேண்டும். முந்தைய டிஸ்க்கின் கீறலை அடுத்தது அழிக்கும். நடுவில் ஒன்றை விட்டால் அந்தக் கீறல்கள் கடைசி வரை நிற்கும். ஈரமான பல்லில் இந்தக் கீறல்கள் தெரியாது. காற்றடித்துக் காயவைத்துப் பார்த்தால்தான் தெரியும். மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் அழுக்கு தங்குவது குறைவு.

இன்னும் சில சிறு பிழைகள் உண்டு. பசை கருவியில் ஒட்டாமலிருக்க ஸ்பிரிட்டில் நனைத்து வழித்தால் பிசின் பலவீனமாகும். பசையை அழுத்தாமல் குவித்து வைத்தால் உள்ளே காற்றுக் குமிழ் சிக்கும். பாலிஷில் அது திறந்து, சில மாதங்களில் கரும்புள்ளியாகிவிடும். ஈறோரத்தில் இரத்தம் கசிந்த நிலையில் ஒட்டினால் அந்த விளிம்பு பிடிக்காது. ஈறு வீங்கியிருந்தால் முதலில் பல் சுத்தம் செய்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து அடைப்பது நல்லது, அவசரம் வேண்டாம்.

போட்ட அன்றே நிறம் பொருந்தவில்லை. ஏன்?

ஷேடு எடுத்த நேரம் தவறியிருக்கலாம். வாயைத் திறந்தபடி பத்து நிமிடம் இருந்தாலே பல் காய்ந்து வெளுத்துவிடும். திரும்ப ஈரமேறிப் பழைய நிறத்துக்கு வர அரை மணி முதல் ஒரு நாள் வரை ஆகும். பல்லில் உமிழ்நீர் படாமல் தடுக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேம் மாட்டிய பிறகு ஷேடு பார்த்தால், காய்ந்த பல்லுக்குப் பொருந்திய வெளுத்த அடைப்புதான் கிடைக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால், பல் ஈரமாக இருக்கும்போது, ஜன்னலோர வெளிச்சத்தில் ஷேடு பார்க்க வேண்டும். லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிடுங்கள், பளீரென்ற உடையைச் சாம்பல் நிறத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஷேடு அட்டையில் ஏ குடும்பம் செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். அட்டையை மட்டும் நம்பாமல், ஒட்டுமருந்து தடவாத பல் மேல் சிறு பொட்டளவு காம்போசிட்டை வைத்து லைட் காட்டிப் பார்த்து, பிறகு பெயர்த்தெடுப்பது நிச்சயமான வழி. லைட்டுக்கு முன்பும் பின்பும் நிறம் மாறுவதால் பசையாகப் பார்த்து முடிவெடுப்பது தவறு.

கண்ணாடியில் அன்றே பார்த்து வருத்தப்பட வேண்டாம். 24 மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் பொருந்தவில்லை என்றால் தயங்காமல் திரும்பிப் போங்கள்.

ஓரத்தில் பழுப்புக் கோடு. உள்ளே சொத்தையா?

கோடு மட்டும் இருந்தால் சொத்தை என்று அர்த்தமில்லை. காம்போசிட் கெட்டியாகும்போது கன அளவில் ஏறத்தாழ 2–3% சுருங்குகிறது. அந்த இழுப்பில் விளிம்பு மயிரிழை விட்டாலும் கறை புகும். எனாமலை 37% பாஸ்போரிக் அமிலத்தால் 15–30 விநாடி பதப்படுத்தித்தான் ஒட்டுகிறார்கள். அடைப்பு அந்தப் பதப்பட்ட எல்லையையும் தாண்டி வழிந்திருந்தால், ஒட்டாத அந்த இதழின் அடியில் கறை சேரும். இதழைச் சீவி பாலிஷ் போட்டால் கோடு மறைந்துவிடும்.

கவலைப்பட வேண்டியது வேறு அறிகுறிகளுக்கு: கோட்டை ஒட்டிய பல் சாம்பல் அல்லது பழுப்பு நிழலாகப் படர்வது, அங்கே பல் மெத்தென்று இருப்பது, நூல் விட்டால் பிய்வது, இனிப்புக்கோ குளிர்ச்சிக்கோ கூச்சம். எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்வார்கள். குண்டூசி, சேஃப்டி பின் வைத்து நீங்களே குத்திப் பார்க்காதீர்கள். நல்ல விளிம்பையும் பெயர்த்துவிடும்.

பழுப்புக்குப் பதில் வெள்ளைக் கோடு என்றால், சுருங்கும் இழுப்பிலோ முரட்டு டிஸ்க்கிலோ விளிம்பு எனாமல் நுணுக்கமாக விரிந்திருக்கிறது. சொத்தை அல்ல. ஆனால் பின்னாளில் கறை புகும் வாசல் அது, கண்காணிக்க வேண்டும்.

பற்களை வெண்மையாக்கும் சிகிச்சை எடுத்தால் அடைப்பும் வெளுக்குமா?

வெளுக்காது. பெராக்சைடு மருந்து பல்லைத்தான் வெளுக்கும்; அடைப்பின் மேல்கறை கொஞ்சம் போகலாம், ஷேடு மாறாது. சிகிச்சை முடிந்ததும் பழைய அடைப்பு முன்னைவிட மஞ்சளாகத் துருத்தும்.

வரிசை இதுதான்: முதலில் வெண்மையாக்கம், பிறகு இரண்டு வாரம் இடைவெளி, அதன் பிறகு புது அடைப்பு. இடைவெளிக்குக் காரணம் இரண்டு. பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் பிசின் ஒட்டுவதைக் கெடுக்கும். வெளுத்த நிறமும் சற்றுப் பின்வாங்கி நிலைக்கு வர நாளாகும்.

எந்த பிரஷ், எந்தப் பல்பொடி?

மென்மையான பிரஷ், பட்டாணி அளவு சாதாரண பேஸ்ட். கரித்தூள், செங்கல்தூள், உப்புக்கல், உமிக்கரி, ‘உடனடி வெண்மை’ பேஸ்ட் எல்லாம் அடைப்பைக் கீறும். பிசின் மென்மையானது, அதுதான் முதலில் தேயும். துகள்கள் மேடாக நிற்க, நடுவில் கறை சேரும். இரண்டு நாள் வெளுத்தாற்போல் தோன்றும், ஒரு மாதத்தில் முன்பைவிடக் கறுக்கும். எலுமிச்சைத் தோல் தேய்ப்பதும் வேண்டாம். அடைப்பைச் சுற்றியுள்ள எனாமலை அரிக்கும்.

வாய் கொப்பளிக்கும் மருந்து?

குளோர்ஹெக்சிடின் பல்லிலும் அடைப்பிலும் பழுப்புக் கறை படியவைக்கும். டீ, காபி குடிப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். மருத்துவர் எழுதித் தந்த நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; பல் துலக்கி அரை மணி கழித்து, அதன் பின் ஒரு மணி நேரம் டீ இல்லாமல். ஆல்கஹால் கலந்தவை பிசினை மெதுவாக இளக்கும். தினசரிக்கு ஆல்கஹால் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள்.

ரூட் கெனால் செய்த முன்பல்லில் அடைப்பைச் சுற்றிச் சாம்பல் நிறம். அடைப்பை மாற்றினால் சரியாகுமா?

அநேகமாக ஆகாது. பல்லுக்குள் தங்கிய இரத்தச் சிதைவோ மருந்தோ உள்ளிருந்து நிழலடிக்கிறது. அந்தப் பல்லை உள்ளிருந்தே வெளுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். வெள்ளி அடைப்பை எடுத்துவிட்டு வெள்ளை அடைப்பு போட்ட பல்லிலும் இப்படித்தான். உலோகம், எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினில் ஏற்றிய கருமை மேலே தெரியும், ஓபேக் ஷேடு ஒரு அடுக்கு போட்டு மறைக்கலாம்.

நிறம் மாறிய அடைப்பை முழுக்க எடுத்துவிட வேண்டுமா?

நிறத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அடைப்போடு கொஞ்சம் நல்ல பல்லும் போகும், குழி பெரிதாகும். பல் நிறத்தில் இருப்பதால் எது பல், எது அடைப்பு என்று பிரிப்பதும் கடினம்.

முதலில் பாலிஷ். அதில் போகவில்லை, ஆனால் அடைப்பு கெட்டியாக இருக்கிறது, எக்ஸ்ரேயில் சொத்தை இல்லை என்றால் மேலடுக்கை மட்டும் மாற்றலாம். 0.5 முதல் 1 மி.மீ. வரை சீவி, 50 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு தூளை ஊதிச் சொரசொரப்பாக்கி, பாஸ்போரிக் அமிலத்தால் சுத்தம் செய்து கழுவி, கண்ணாடித் துகளையும் பிசினையும் இணைக்கும் சிலேன் திரவம் தடவி, ஒட்டுமருந்து பூசி, புது காம்போசிட் அடுக்கை வைத்து லைட் காட்டி பாலிஷ் செய்வார்கள். பழையது எந்த கம்பெனி என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

சொத்தை, விரிசல், ஆட்டம், உடைவு இருந்தால் முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

நிறம் மாறாத வேறு பொருள் இல்லையா?

பீங்கான் தன் நிறத்தைக் காம்போசிட்டைவிட நன்றாகக் காக்கும். ஆனால் விலை அதிகம், சின்னக் குழிக்குப் பல்லைக் கூடுதலாகச் சீவ வேண்டிவரும். பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடான வெனீர் என்றால் அடியில் ஒட்டும் பசை மஞ்சளானாலும் வெளியே தெரியும். அதற்கு லைட்டில் கெட்டியாகும் பசையே நல்லது.

கிளாஸ் அயனோமர் என்ற உண்மையான சிமெண்ட் வகையும் உண்டு. இங்கிலாந்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கியது. ஃப்ளோரைடு வெளியிடும், ஈறோரத்திலும் குழந்தைகளின் பற்களிலும் உதவும். ஆனால் ஒளி ஊடுருவாமல் சுண்ணாம்பு போல் தெரியும். முதல் நாள் தண்ணீர் பட்டாலும் கெடும், அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் விரியும் என்பதால் மேலே வார்னிஷ் பூச வேண்டும். சிரித்தால் தெரியும் இடத்துக்கு அது முதல் தேர்வு அல்ல.

அடைப்பு போடும் முன் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

“ஷேடு இப்பவே, பல் ஈரமா இருக்கும்போதே பார்த்துடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். கடைசி அடுக்குக்குக் கிளிசரின் போடுவார்களா என்றும், ஒரு வாரம் கழித்து இன்னொரு பாலிஷுக்கு வரலாமா என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது பாலிஷுக்குப் பத்து நிமிடம் போதும்: பல் ஈரமேறி நிறம் நிலைத்திருக்கும், வழிந்த இதழ்கள் கண்ணுக்குத் தெரியும். எந்த ஷேடு, எந்தப் பொருள் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பழுது பார்ப்பவருக்கு நிறம் தேடும் வேலை பாதியாகும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்யப் போகும்போது, முன்பல்லில் எந்தெந்த இடம் அடைப்பு என்று சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியின் நுனி அடைப்பின் மேல் நேராக ஓடினால் பாலிஷ் போய்விடும். தெரிந்தால் அந்த இடத்தை மென்மையான ரப்பர் கப்பால் முடித்துத் தருவார்கள்.